பாசி ஆய்ந்த பேராசிரியர்

மயிலைத் திருக்குளத்துப் படிகளில் கால் வழுக்கினோர் பாசியை வைவர், யாமும் வைதவரே. தமிழ்ப் புலவரும் அதற்குப் பெரிதாக இடம் தந்தாரல்லர். காதலன் கை பட்டவிடத்து விலகிக் கை நீங்கியவிடத்து மீண்டும் படரும் பசலையைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் ஊர்க் கேணியின் பாசிக்கு ஒப்பிட்டார், அவ்வளவே. அப்பாசியில் நிலத்துத் தாவரங்கட்கெல்லாம் மூதாதையைத் தேடிய ஒருவர் இச்சென்னை நகரிலேயே பிறந்து, பயின்று, பணிபுரிந்தார் என்பதைத் தமிழ் வகுப்பினராகிய யாம் நெடுநாள் அறியாதிருந்தோம். அவர் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார், 1886-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் தோன்றியவர்.

கடற்கரைச் சாலையிலுள்ள மாநிலக் கல்லூரியில் தாவர நூல் கற்றுத் தேர்ந்தபின், அரசாங்கப் பொருட்காட்சிச் சாலையிலும், சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும் சில ஆண்டுகள் பணியாற்றி, தாம் பயின்ற கல்லூரிக்கே ஆசிரியராக மீண்டார். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் தலைமையை ஏற்று 1944 வரை நடத்தினார். உத்தியோக வரலாறு இவ்வளவில் நிற்க. அவர்தம் உண்மை வாழ்க்கை குளங்குட்டைகளிலும், மழை நின்ற பள்ளங்களிலும், கடலோரப் பாறைகளிலும் நிகழ்ந்தது. பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் கடற்பாசிகளைக் குறித்து 1927-இல் அவர் எழுதிய பகுதி பொருட்காட்சிச் சாலையின் வெளியீட்டிலே உளது.

அந்நாளில் இந்நாட்டுப் பாசிகளைப் பற்றிய அறிவு, பெரும்பாலும் இங்கிருந்து பதனிட்டு அனுப்பப்பட்ட மாதிரிகளை மேனாட்டார் ஆங்கிருந்தே நோக்கி எழுதியதாக இருந்தது. பதனிட்ட பாசி பிணத்துக்கு ஒப்பானது. அது நீந்துவதையோ, பிரிவதையோ, கூடுவதையோ அதில் காண இயலாது. ஐயங்கார் உயிருள்ளவற்றை நாள்தோறும் உடனிருந்து நோக்கினார். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் பள்ளம் சின்னாட்களில் வற்றிவிடும். அது வற்றுமுன் அதனுள் ஒரு தலைமுறை பிறந்து முடிந்துவிடும். அங்கு அருகில் வாழ்வோனுக்கே அது காணக் கிடைக்கும்.

வற்றும் சேற்றிலே கண்டெடுத்த ஒன்றுதான் அவருக்கு உலகப் புகழ் தந்தது. லண்டனிற் சென்று பேராசிரியர் பிரிட்ச் என்பாரிடம் ஆராய்ந்த காலத்தில், 1932-இல், அப்புதிய பாசியை விவரித்து வெளியிட்டு, ஆசிரியர் பெயரால் பிரிட்சியெல்லா டியூபரோசா என்று பெயரிட்டார். நீரிலன்றி ஈரமண்ணில் வாழ்வது அது. மண்ணுக்குள் இறங்கும் வேர் போன்ற இழைகள், மண்ணடியில் கிழங்கெனத் திரண்ட உயிரணுக் கூட்டங்கள், அவற்றினின்று மேலெழும் கிளைகள், அக்கிளைகளிலிருந்து மீண்டும் எழும் கிளைகள் என நான்கு உறுப்புக்கள் அதற்குண்டு. கோடையில் மேற்பகுதி மாய்ந்தாலும் கிழங்குப் பகுதி பிழைத்து அடுத்த மழையில் தளிர்க்கும். நீர்வாழ் உயிர் நிலத்தில் ஏறிய படி இதுவன்றோ என்று அறிஞர் வியந்தனர். பாடநூல்களில் நிலத்தாவர முன்னோனின் சாயலாக அது பல்லாண்டுகள் விளங்கிற்று.

ஈண்டு யாம் மறையாது கூறவேண்டியதொன்றுண்டு. அத்தலைமை நிலைத்திலது. எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின் உயிரணு பிரியும் வகையை நோக்கியோர், 1972-ஐ ஒட்டிப் பச்சைப் பாசிகளை இரு பெருங் கிளைகளாகப் பிரித்தனர். ஒரு கிளையில் புதுச்சுவர் எழுமிடத்து நுண்குழல்கள் பிரிவுத் தளத்துக்கு இணையாகக் கிடக்கும். மற்றொன்றில் செங்குத்தாக நிற்கும். நிலத்தாவரம் இரண்டாவது வகையது. பிரிட்சியெல்லாவோ முதற் கிளையைச் சார்ந்தது. பின்வந்த மரபணு ஆராய்ச்சியும் இதனையே உறுதிசெய்து, பள்ளிச் சிறாரும் அறிந்த ஸ்பைரோகைராவின் கூட்டத்தை நெல்லுக்கும் தென்னைக்கும் மிக நெருங்கிய உறவென்றது. ஐயங்கார் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் மறைந்தாராகலின் இதனைக் காணவில்லை. கண்டிருப்பின் வருந்தியிருப்பாரோ? யாம் அறியோம். சேற்றில் அவர் கண்டவை அனைத்தும் கண்டவாறே இன்றும் மெய்யாக உள்ளன. அவற்றினின்று கட்டிய உறவுமுறையே மாறிற்று. உறவில்லாத இரு குலங்கள் ஒரே இடரை ஒரே வகையாக வென்றன என்பது முந்தைய கதையினும் எமக்கு வியப்பாகவே உள்ளது.

அவர் உயிரினும் மேலாகப் பேணியது வால்வொகேல்ஸ் என்னும் வேறொரு கூட்டம். ஓருயிரணுவான கிளாமிடோமோனஸ் முதலாக, பதினாறு உயிரணுக்கள் திரண்ட பாண்டொரினா, ஆயிரக்கணக்கில் திரண்டு உருண்டோடும் வால்வாக்ஸ் ஈறாக இதில் வரிசையுண்டு. தென்னாட்டு இனங்களைப் பற்றி 1933-இல் அவர் விரிவாக எழுதினார். இக்கூட்டத்துக் கிளாமிடோமோனஸே ஒளிச்சேர்க்கையின் தொன்மை வரலாற்றையும் பிற்காலத்தார்க்குக் காட்டிற்று.

இலையில் ஒளியை ஏற்கும் நிலையங்கள் இரண்டு. ஒன்றினின்று புறப்பட்ட எலெக்ட்ரானை மற்றொன்றுக்குக் கொண்டு சேர்க்கச் சிறு புரதமொன்று தூதாக ஓடுகிறது. நெல், தென்னை முதலியவற்றில் அத்தூது செம்பு ஏந்திய பிளாஸ்டோசயனின். 1960-இல் கட்டோ என்னும் ஜப்பானியர் குளோரெல்லாப் பாசியில் இதனை முதலிற் கண்டார். கிளாமிடோமோனஸோ செம்பு கிடைக்குங்கால் இதனையும், கிடைக்காத காலத்து இரும்பு ஏந்திய சைட்டோகுரோம் சி6 என்பதனையும் ஆக்கிக்கொள்ளும். நீலப்பச்சைப் பாசிகள் பலவற்றிலும் இவ்விரட்டை வழக்கம் உண்டு. ஆதிக் கடலில் இரும்பு மிகுதியாகக் கரைந்திருந்தது; ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகட்குமுன், நீலப்பச்சைப் பாசிகள் வெளிவிட்ட பிராணவாயு காற்றில் தங்கத் தொடங்கவே இரும்பு துருவாகிப் படிந்தது, செம்பு கரைவது எளிதாயிற்று. ஆதலின் இரும்புத் தூதே மூத்தது, செம்புத் தூது பின்வந்தது என அறிஞர் கருதுவர். பாசி தான் வெளிவிட்ட வாயுவாலேயே தன் உலோகத்தை இழந்து வேறொன்றைத் தேடிற்று! நிலத்துக்கு ஏறிய குலம் பழைய தூதை அப்பணியினின்று நீக்கிவிட்டது. குளத்தில் நின்ற உறவினரோ இரண்டையும் வைத்துக்கொண்டனர்.

ஐயங்காரின் மாணவருள் ஒருவரான டி. வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959-இல் வெளியிட்ட பெருநூல் உலகெங்கும் வழங்குவது. ஆசிரியர் மறைந்து 18 ஆண்டுகள் கழித்து, 1981-இல், அவரது வால்வொகேல்ஸ் ஆராய்ச்சியையும் நூலாக்கி, ஆசிரியர் பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னுமாக இட்டு வெளிக்கொணர்ந்தவரும் அவரே.