உத்தியோகமும் ஆராய்ச்சியும்: சர் சி. வி. இராமன்

பகலில் வகுப்பு, மாலையில் வேலை, இரவில் படிப்பு, உறங்குவது எப்போது? இத்தீவில் பயிலும் நம் மாணவத் தோழர் பலரின் கவலை இது. இராமனுக்கும் இக்கவலை இருந்திருக்க வேண்டும்.

1888-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த அவர், 1907-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. தேறினார். அவ்வாண்டே நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அங்கே இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம் அவரை ஈர்த்தது. விடியற்காலை ஐந்தரை மணிக்கே அங்கு செல்வார். பத்து மணிக்குச் சற்று முன் வீடு திரும்பிக் குளித்து, அவசரமாக உண்டு, அலுவலகம் விரைவார். மாலை ஐந்து மணிக்கு மீண்டும் ஆய்வு. வீடு சேர இரவு பத்தாகும். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. இரங்கூன், நாகபுரி மாற்றல்கள் நீங்கலாக, 1917 வரை இதுவே அவர் வாழ்க்கை.

வீட்டுச் சுமையைத் தாங்கியவர் துணைவியார் உலோகசுந்தரி அம்மையார். தாமே சமைத்து, தாமே துவைத்துப் பயிலும் நமக்கு அவ்வசதி இல்லை. ஆதலின் அந்த அட்டவணையை அப்படியே மேற்கொள்வது உடலைக் கெடுக்கும்.

நாம் கொள்ளத்தக்கது அவரது முடிவு. 1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிட்டியபோது, ஊதியம் பெரிதும் குறையும் என்றறிந்தும் அரசாங்க உத்தியோகத்தைத் துறந்தார். 1921-இல் கப்பற்பயணத்தில் கண்ட கடல் நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. ஒளிச்சிதறல் பற்றிய அவ்வாராய்ச்சி 1928-இல் இராமன் விளைவைத் தந்தது. 1930-இல் நோபல் பரிசும் வந்தது.

அத்தகைய நீலம் நம்மைச் சூழ்ந்திருக்கிறது. தோழர்களே, இரு சுமைகளைச் சில காலம் சுமக்கலாம். எதை, எப்போது இறக்குவதென இன்றே எண்ணுங்கள்.