பட்டாசுக்காய்க்குப் பெயரிட்ட துறவி

மழை ஓய்ந்த நாட்களில் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பாதையோரத்தில் ஊதாப்பூப் பூத்து நிற்கும் குறுஞ்செடியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயரை உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள். காய்ந்த காயை எச்சிலில் நனைத்து, அது படீரென்று வெடிக்கச் சிரிக்கும் அவர்கள், பட்டாசுக்காய் என்று உடனே சொல்லுவார்கள். இது நம் நாட்டுச் செடியல்ல. அமெரிக்காவின் வெப்பப் பிரதேசங்களிலிருந்து தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, வேலி தாண்டி ஓடிவந்த செடி. தாவர சாஸ்திரிகள் இதன் இனத்தை ருயெல்லியா என்கிறார்கள். பழைய பிரெஞ்சு மருத்துவர் ஒருவரின் ஞாபகமாக அந்தப் பெயரை இட்டவர் ஒரு கத்தோலிக்க சந்நியாசி, சார்ல் புளுமியே என்பவர்.

அவர் 1646-ம் வருஷம் பிரான்சு தேசத்து மார்சேய் பட்டணத்தில் பிறந்தார். 16-ம் வயதில் அர்ச். பவுலா பிரான்சீஸ்கு ஸ்தாபித்த மினிம் சபையில் சேர்ந்தார். வருஷம் முழுவதும் தபசுகாலம்போல மாமிசம், முட்டை, பால் மூன்றையும் விலக்கும் சபை அது. கணிதம் படித்தார். கடைசல் வேலையிலும் கைதேர்ந்தவர்; 1701-ல் அதைப்பற்றி ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். ஆனால் உரோமாபுரியில் படித்த காலத்தில் செடிகொடிகளின்மேல் பிறந்த ஆசைதான் சாகுமட்டும் அவரை விடவில்லை.

1689-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறினார். பதினான்காம் லூயி மன்னர் அவரைத் தமது தாவர நிபுணராக நியமிக்க, மேலும் இருமுறை அங்கே போனார். கண்ட செடியை எல்லாம் எழுதினார், வரைந்தார், காகிதத்தில் வைத்து அழுத்தி உலர்த்தினார். அவர் உலர்த்திய செடிகளோ கடலில் மூழ்கிப்போயின! எத்தனை நாள் வெயிலிலும் காட்டிலும் பட்ட பாடு! நல்லவேளையாக ஏறக்குறைய 6,000 படங்கள் மிஞ்சின. 1703-ல் அச்சான அவருடைய நூலில்தான் ருயெல்லியா என்ற பெயர் இருக்கிறது. 50 வருஷங்களுக்குப்பின் சுவீடன் தேசத்து லின்னேயு அதை ஏற்றுக்கொண்டார்.

உலர்ந்த செடிக்காக இவ்வளவு வருத்தப்படுவானேன் என்பீர்கள். தாளில் ஒட்டிய செடியின் அருகே ஊர், தேதி, எடுத்தவர் பெயர் மூன்றும் இருக்கும். தோட்டத்தில் நட்டதா, பாதையோரத்தில் தானாய் முளைத்ததா என்பதையும் எழுதவேண்டும். அந்த ஒரு வரி விடுபட்டால், வீட்டு வாசலில் நட்ட செடிக்கும் வேலி தாண்டிய செடிக்கும் பிற்காலத்தவர் வித்தியாசம் காணமுடியாது. எந்தக் காலத்தில் அது நம் வயல்வரப்புக்கு வந்தது என்று சொல்லவும் ஆளிராது. திருச்சி அர்ச். சூசையப்பர் கல்லூரியில் 1967-ல் சேசு சபைக் குரு மத்தேயு சுவாமியார் தொடங்கிய ராபினா உலர்தாவரச் சாலையில் இத்தகைய தாள்கள் அடுக்கடுக்காய் இருக்கின்றன. நம் கரையோர ஜில்லாக்களின் செடிகளைப்பற்றி அவர் எழுதிய நூல்கள் அவற்றிலிருந்து பிறந்தவையே.

புளுமியே நான்காம் முறை பிரயாணப்பட்டார். காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினா மரத்தைத் தேடிப் பெரு தேசம் போக எண்ணம். ஸ்பெயினில் காதிஸ் அருகே கப்பலுக்குக் காத்திருக்கையில் நோய்கண்டு, 1704 நவம்பரில் காலமானார். பெரணிகளைப்பற்றிய அவருடைய நூல் மறுவருஷம் வெளிவந்தது.

நம் கல்லறைத் தோட்டங்களில் வெள்ளையாய் உதிர்ந்து கிடக்கும் ஈழத்தலரிக்கு அவருடைய சிநேகிதர் தூர்னெபோர் அவர் பெயரையே வைத்தார்: புளுமேரியா. அடுத்தமுறை அங்கே போகும்போது மதிலோரம் பாருங்கள். பட்டாசுக்காயும் நிற்கும், யாரும் நடாமலே.