சாத்தானின் விரல்கள் என்றார்கள்... மருத்துவர்கள் வேறு காரணம் சொன்னார்கள்! - வயலின் மேதை பகானினியின் கதை

கறுப்பு உடை, எலும்பும் தோலுமான உடம்பு, வெளிறிய முகம், தோளில் புரளும் முடி. அந்த மனிதர் மேடையேறி வயலினை வாசிக்க ஆரம்பித்தால், எதிரே இருப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும். இது மனுஷன் வாசிக்கிறதுதானா?

அவர்தான் நிக்கோலோ பகானினி. 1782 அக்டோபர் 27 அன்று இத்தாலியின் ஜெனோவா நகரில் பிறந்தவர். 5 வயதில் மாண்டலின், 7 வயதில் வயலின் எனக் கற்க ஆரம்பித்தார். அப்பா அன்டோனியோ ரொம்பவே கண்டிப்பானவர். பயிற்சி போதாது என்று தோன்றினால் பிள்ளைக்குச் சாப்பாடு கிடையாதாம்.

1828-ல் வியன்னா, 1831-ல் பாரிஸ், லண்டன் என ஐரோப்பாவே அவரைக் கொண்டாடியது. கூடவே, சாத்தானுக்கு ஆத்மாவை விற்றுத்தான் இந்த வித்தையை வாங்கினார் என்ற வதந்தியும் ஊர் ஊராகப் போனது. நொந்துபோன பகானினி, தன் அம்மா எழுதிய கடிதத்தைப் பத்திரிகையில் வெளியிட வைத்தார். தானும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைதான் என்று நிரூபிக்க வேண்டிய நிலைமை!

அவர் கையில் அப்படி என்னதான் இருந்தது? மருத்துவர் பிரான்செஸ்கோ பென்னாட்டி அவரைப் பரிசோதித்து, 1831-ல் பதிவு செய்தார். கை ஒன்றும் அளவில் பெரிதில்லை. ஆனால், மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்கள் அசாதாரணமாகத் தளர்ந்திருந்தன. விரல்கள் பக்கவாட்டிலும் வளைந்தன. அதனால் சாதாரணக் கை எட்டாத இடத்தையெல்லாம் அவர் கை எட்டியது.

20-ம் நூற்றாண்டு மருத்துவர்கள் இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு, இது எலர்ஸ் - டான்லாஸ் சிண்ட்ரோமாக இருக்கலாம் என்றார்கள். மார்ஃபன் சிண்ட்ரோம் என்றார்கள் வேறு சிலர். விவாதம் இன்னும் முடியவில்லை. இரண்டுமே மரபணு வழியாக வரும் இணைப்புத் திசுக் கோளாறுகள். வீட்டுச் சுவரில் செங்கற்களைச் சிமென்ட் பிடித்துவைக்கிற மாதிரி, நம் தோலையும் மூட்டையும் ரத்தக்குழாயையும் பிடித்துவைப்பது இணைப்புத் திசு. எலர்ஸ் - டான்லாஸில் பெரும்பாலும் அதிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தில்தான் கோளாறு.

மேடையில் ஜெயித்தவருக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஓயாத இருமல், தாடையில் தொற்று, பாதரச சிகிச்சையின் பாதிப்பு. கடைசியில் குரலும் போனது. அப்பாவின் உதட்டசைவைப் பார்த்து மகன் அகில்லே மற்றவர்களுக்குச் சொல்வான். 1840 மே 27 அன்று நீஸ் நகரில் பகானினி இறந்தபோது, தேவாலயம் அடக்கம் செய்ய அனுமதி மறுத்தது. பல வருடங்கள் இடம் மாறி மாறி அலைந்த உடல், 1876-ல்தான் பார்மா நகரக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

இன்று நம் வீட்டுக் குழந்தை கட்டைவிரலை மணிக்கட்டு வரை வளைத்துக் காட்டினால், 'ரப்பர் மாதிரி வளையுறான் பாரு' என்று ரசிக்கிறோம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது சாதாரண விஷயம்தான். ஆனால், தோலும் ரப்பர்போல இழுபட்டுத் திரும்புகிறதா? லேசாக இடித்தாலே கன்றிப்போகிறதா? சின்னக் காயம்கூட அகலமாகப் பிளந்து, மெல்லிய காகிதம்போலத் தழும்பாகிறதா? மூட்டு அடிக்கடி நழுவுகிறதா? அப்படியென்றால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எலர்ஸ் - டான்லாஸின் பரவலான வகைகளில், பெற்றோரில் ஒருவருக்குப் பாதிப்பு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வர 50 சதவிகித வாய்ப்பு உண்டு. யாருக்கும் இல்லாத குடும்பத்திலும் புதிதாக வரலாம். இது யார் செய்த தப்பும் இல்லை. முழுமையாகக் குணப்படுத்த மருந்து இல்லை என்றாலும், முன்கூட்டியே தெரிந்தால் நிறைய செய்யலாம். பிசியோதெரபி, முழங்காலுக்குப் பாதுகாப்பு உறை, முரட்டு விளையாட்டுகளைத் தவிர்ப்பது, ஆபரேஷனுக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுவது என வழிகள் உண்டு.

பகானினி காலத்தில் இதற்குப் பெயர்கூடக் கிடையாது. நமக்கு இருக்கிறது. வளையுற கையைப் பார்த்துக் கைதட்டுங்க, தப்பில்லை. அப்படியே அந்தக் குழந்தையோட தோலையும் ஒரு தடவை கவனிச்சுப் பாருங்க!