பறவைகளைப் பயின்ற சலீம் அலி

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் பேருந்தில் சாளரத்தோரம் அமர்ந்தால், மேற்கே மலைத்தொடரும், இடையே கண்மாய்களும், கரையில் நிற்கும் பனைமரங்களும் நம்முடனே ஓடி வரும். அப்பனையோலைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். சில கூடுகள் நீண்ட குழல் வாயிலுடன் முழுமையாக இருக்கும். சிலவோ கவிழ்த்த தொப்பியைப் போலப் பாதியில் நின்றிருக்கும். கட்டிய குருவிக்குச் சோம்பலா? அல்லது பருந்து கொண்டு போயிற்றா? எங்கள் வகுப்பில் இதுபற்றிப் பெரிய வாதமே நடந்ததுண்டு. இதற்கு விடை கண்டு சொன்னவர் டாக்டர் சலீம் அலி அவர்கள். அன்னாரின் வரலாற்றைத் தோழியர் முன் வைக்க விழைகிறோம்.

1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் ஒரு பெரிய குடும்பத்தின் கடைக்குட்டியாக அவர் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியும் அவர் துணைவியார் ஹமீதா பேகமும் அக்குழந்தைகளைத் தம் மக்களாகவே வளர்த்தனர்.

பறவைகள் மீது அவருக்கு முதலில் உண்டானது அன்பு என்று சொன்னால் அது பொய்யாகும். வேட்டை ஆசைதான்! ஏறத்தாழப் பத்து வயதில், வீட்டுக் குதிரை லாயத்துச் சுவர்ப் பொந்தில் ஒரு சிட்டுக்குருவி முட்டையிட்டிருந்தது. வாசலில் காவல் இருந்த ஆண் குருவியைச் சிறுவன் தன் காற்றுத் துப்பாக்கியால் சுட்டான். சிறிது நேரத்தில் பெண் குருவி வேறோர் ஆணைத் துணையாகக் கொண்டு வந்தது. அதையும் சுட்டான். இவ்வாறு ஏழு நாளில் எட்டு ஆண் குருவிகள் மாண்டன. இதைப் படித்தபோது எங்களுக்கு நெஞ்சு பதைத்தது. ஆனால் அச்சிறுவன் நடந்ததை அப்படியே ஒரு தாளில் எழுதியும் வைத்தான். பல்லாண்டுகள் கழித்து அக்குறிப்பு பறவையியல் ஏட்டில் அச்சேறியது.

1908-ஆம் ஆண்டளவில் அவன் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. இது என்ன குருவி? மாமாவுக்கும் தெரியவில்லை. ஆயினும் அவர் பையனை விரட்டிவிடாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு துரையிடம் அனுப்பினார். வெள்ளைக்காரர் என்ற அச்சத்தோடு, கையில் செத்த குருவியுடன் போன சிறுவனை அவர் கனிவோடு வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கூறினார். இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். நாட்டில் இத்தனை வகைப் பறவைகள் உண்டென்பதை அச்சிறுவன் அன்றுதான் அறிந்தான்.

பள்ளிப் படிப்பில் அவர் சூரர் அல்லர் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தீராத தலைவலியால் படிப்பு தடைப்பட்டு, 1913-இல் மெட்ரிகுலேஷனில் ஒருவாறு தேறினார். பின்பு பர்மா சென்று குடும்பத்தாரின் சுரங்க, மரத் தொழிலைக் கவனித்தார். அங்கும் காடுகளும் பறவைகளுமே அவர் மனத்தை ஈர்த்தன. 1917-இல் திரும்பி வந்து வணிகக் கல்வி பயிலலானார். அவ்வேளையில் தூய சவேரியார் கல்லூரியில் பணியாற்றிய தாவரவியல் அறிஞரும் சேசு சபைக் குருவுமான பிளாட்டர் அடிகளார் அவருடைய ஆர்வத்தைக் கண்டுகொண்டு, விலங்கியலும் பயிலுமாறு தூண்டினார். எனினும் முறையான பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. பெயருக்கு முன்னுள்ள 'டாக்டர்' பின்னாளில் பல்கலைக்கழகங்கள் தேடி வந்து அளித்த சிறப்பு!

1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளர் வேலை கிடைத்தது. மாதம் 350 ரூபாய் சம்பளம். விடுப்பில் ஜெர்மனி சென்று, பெர்லினில் பேராசிரியர் ஸ்ட்ரெசெமான் அவர்களிடம் பறவையியல் கற்றார். 1930-இல் நாடு திரும்பியபோது, பணமில்லையென்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள். வயது முப்பத்துமூன்று, மனைவி உண்டு, வருவாய் இல்லை. அப்போது அவருடன் கடலோரச் சிற்றூரான கிகிமில் எளிய குடித்தனம் நடத்தியவர் துணைவியார் தெஹ்மினா. வசதியாக வளர்ந்த அந்த அம்மையார் முகம் சுளித்திருந்தால் இந்த வரலாறே வேறாகியிருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

கிகிமில் வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. வேலையற்றவருக்கு நேரத்துக்கா குறைவு? நாள்தோறும் கூர்ந்து நோக்கிக் குறிப்பெடுத்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டிவிட்டு நிறுத்துகிறது. பெண் குருவிகள் வந்து சோதித்துப் பார்க்கின்றன. ஒன்றுக்குப் பிடித்துவிட்டால் அது குடிபுக, ஆண் கூட்டை முடித்துக் கொடுக்கிறது. அதன்பின் அதே ஆண் மற்றொரு கூட்டைத் தொடங்கி அடுத்த துணையை நாடுகிறது. எந்தப் பெண்ணும் ஏற்காத கூடுதான் தொப்பியாகவே தொங்கிப் போகிறது! நம் கண்மாய்க்கரைப் பனைகளில் நாம் காண்பதும் அதுவே. 1931-இல் வெளிவந்த இக்கட்டுரையால் அவர் புகழ் பரவியது.

பின்னர்ச் சம்பளம் வேண்டாம், செலவுக்குத் தந்தால் போதும் என்று சமஸ்தானங்களுக்கு அறிவித்து, ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி எனக் காடு காடாகப் பறவைகளைக் கணக்கெடுத்தார். தெஹ்மினாவும் கூடாரங்களில் உடன் தங்கினார். அக்கணக்கெடுப்புகளிலும் ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டதுண்டு. அக்கால முறை அது. 1939-இல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா காலமானார். நொறுங்கிப்போன அவரைத் தங்கள் இல்லத்தில் வைத்துக் காத்தனர் தமக்கையும் அவர் கணவரும்.

1941-இல் அவருடைய இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களைப் பார்த்து யாரும் பறவையை அடையாளம் காணலாம். கையில் துப்பாக்கி வேண்டியதில்லை. அமெரிக்க அறிஞர் ரிப்ளியுடன் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகள் கொண்ட பெருநூலையும் தந்தார். 1976-இல் பத்ம விபூஷண் பெற்றார். 1985-இல் வெளியிட்ட தன்வரலாற்றுக்கு, நற்செய்தியில் வரும் சிட்டுக்குருவியை நமக்கு நினைவூட்டும் வகையில், ஒரு குருவியின் வீழ்ச்சி எனப் பொருள்படப் பெயரிட்டார். 1987 ஜூன் 20-ஆம் நாள் தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

நம் பகுதி மக்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1948-இல் மேகமலைத் தோட்டமொன்றில் ஹட்டன் என்பவர் பிடித்த ஒரு பழந்தின்னி வௌவால், சாதாரண வகையென்று எண்ணப்பட்டுப் பம்பாய்க் கழகத்தின் சேகரிப்பில் கிடந்தது. 1972-இல் தாய்லாந்து அறிஞர் தோங்லோங்யா அதை ஆராய்ந்து, உலகில் எவரும் அறியாத புதுவகை என்று கண்டு, சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். பறவை அறிஞரின் பெயர் தாங்கிய அந்த வௌவாலின் மேகமலை, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. பகலெல்லாம் குகையில் தொங்கும் அது, நாம் மாலைப் படிப்பு முடித்து வீடு திரும்பும் வேளையில்தான் பழம் தேடிப் புறப்படும்.