ஜான் பென்னிகுயிக் துரை

சிறுமலையின் தென்னடிவாரத்தை அடுத்து, பேரணையினின்று கிழக்கே செல்லும் பெரியாற்றுப் பிரதான வாய்க்காலை நம்மிற் பலரும் கண்டிருப்போம். அவ்வாய்க்காலுக்கு நீர் கொணர்ந்த பெருமகனாரின் சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பென்னிகுயிக் 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் புனா நகரிற் பிறந்தார். எட்டாம் வயதில், 1849-ல் நிகழ்ந்த சிலியன்வாலாப் போரில், தந்தையாரையும் தமையனாரையும் ஒருங்கே இழந்தார். அடிஸ்கோம் படைக்கல்லூரியிற் பயின்று, 1860-ல் இந்தியா போந்து, சென்னை மாகாணத்திற் பொறியியற் பணி ஏற்றார்.

அக்காலத்து மேற்கு மலையிற் பெய்த பெருமழை பெரியாற்றின் வழியே அரபிக் கடலிற் சென்று வீணாயிற்று. வைகையோ கோடையில் வறண்டு கிடந்தது. 1876-ல் தொடங்கிய தாதுவருடப் பஞ்சம் எண்ணிறந்தோரை மாய்த்தது. பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு 1882-ல் இவரிடம் வந்தது. 1886-ல் திருவிதாங்கூருடன் உடன்படிக்கை ஏற்பட, 1887-ல் வேலை தொடங்கிற்று. வெள்ளம் அடித்தளத்தைப் பன்முறை அரித்துச் சென்றது; காட்டுச் சுரமும் பேதியும் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோரைக் கொள்ளைகொண்டன. எனினும் இவர் தளர்ந்திலர். நீருள்ளும் இறுகுந் தன்மையுடைய சுண்ணாம்பு, செங்கற்பொடிச் சாந்தினால் அணையெழுப்பி, மலையைக் குடைந்து வழிசெய்து, 1895 அக்டோபரில் நீரைக் கிழக்கே பாயச் செய்தார்.

அணையோடு காரியம் முடிந்ததன்று. மலை கடந்த நீர் வைகையின் மணற்படுகையில் நெடுந்தூரம் ஓடியே பேரணையை அடைந்தது. வழியில் மணல் தன் பங்கைப் பருகிற்று. மண்ணால் அமைந்த வாய்க்காலிலும், சரளை நிலத்திற் கசிவு மிகும், களிநிலத்திற் குறையும். அகன்று ஆழங்குறைந்த வாய்க்காலில் நனையும் மண்பரப்பு மிகுதலின், இழப்பும் மிகும். கசிந்த நீர் அயற்கிணறுகளில் ஊறுதலும் உண்மையே. ஆயினும் கடைமடை உழவனுக்கு அதனாற் பயனில்லை. இதனைக் கருதியே 1970-களின் பிற்பகுதியில் தொடங்கிய சீரமைப்பில் இவ்வாய்க்கால்களுக்குக் கரையும் அடியும் பூசும் பணி மேற்கொள்ளப்பட்டது.

பென்னிகுயிக் தாய்நாடு திரும்பி, கூப்பர்ஸ் ஹில் பொறியியற் கல்லூரியின் தலைவராய் அமர்ந்து, 1911 மார்ச் 9-ஆம் நாள் காலமானார். கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் பொங்கல் நாளில் இவரை நினைந்து வணங்குகின்றனர்.

மாணவ நேயர்காள்! நீரைக் கொணர்தல் அன்னாரது தொண்டாயிற்று. கொணர்ந்த நீரைச் சிந்தாது கடைமடைக்குச் சேர்ப்பித்தல் நம் கடன். அக்கடனை ஆற்றுவாருள் நம் கல்லூரியினரும் சிலராதல் வேண்டுமென்பதே எம் விழைவு.