சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ்

சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் 1865ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டின் பிரெஸ்லாவ் நகரிற் பிறந்தார். பிறவியிலேயே முதுகு கூனியவர்; ஆயினும் கணிதத்தில் வல்லவர். சமதர்மக் கொள்கையை ஆதரித்தமையால் அரசின் சினத்துக்கு ஆளாகி, தாயகம் துறந்து, 1889இல் அமெரிக்கா அடைந்தார். துறைமுக அதிகாரிகள் அவரைத் திருப்பியனுப்ப முற்பட்டனர். உடன்வந்த நண்பர் பொறுப்பேற்றுக் காத்தார். அங்ஙனம் நுழைந்தவரே, மாறுதிசை மின்னோட்டக் கணக்குகளை எளிதாக்கி, அந்நாட்டு மின்துறைக்கு வழிகாட்டியானார்.

மின்நிலையங்களை நெடுங்கம்பிகளால் இணைத்தபோது புதியதோர் இடர் தோன்றிற்று. இணைந்த மின்னாக்கிகள் யாவும் ஓரிசைவில் சுழலுதல் வேண்டும். ஓரிடத்தில் பழுது நேரின் அவை முந்தியும் பிந்தியும் ஊசலாடும். ஊசல் தணியாது பெருகின் இசைவு குலையும். நகரங்கள் இருளில் ஆழும். இச்சிக்கலை ஆராய்ந்து 1920இல் அவர் கட்டுரை வரைந்தார். 1923இல் அவர் மறைந்தார். அவ்வாராய்ச்சியோ பிறரால் வளர்ந்து, பெரும் மின்வலைகளைக் காக்கும் தனிக்கலையாயிற்று.