ஜி. இராமநாதன்

ஜி. இராமநாதன் (1910 - நவம்பர் 20, 1963) தமிழ்த் திரைப்பட இசையமைப்பாளர் ஆவார். கருநாடக இசை இராகங்களில் அமைந்த மெட்டுகளை, இசைப் பயிற்சி இல்லாதவர்களும் பாடும் வண்ணம் எளிமையாக்கித் தந்தவர். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் பல படங்களுக்கு இசையமைத்தவர்.

வாழ்க்கைச் சுருக்கம்

திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள பிச்சாண்டார்கோயிலில் பிறந்தார். முறையாகக் குருகுலத்தில் இசை பயின்றவர் அல்லர். கதாகாலட்சேபம் செய்துவந்த தமையனார் சுந்தர பாகவதருடன் இருந்தே இசையைக் கற்றார். மேடையில் கதையின் போக்கிற்கேற்பப் பாட்டு மாறுவதை அருகிலிருந்து கண்ட பழக்கம், பின்னாளில் இவருக்குத் திரையில் கைகொடுத்தது எனலாம்.

சேலத்தில்

திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் 1930களில் சேலத்தில், ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்சை நிறுவினார். அந்நிறுவனத்தின் உத்தமபுத்திரன் (1940) படத்திற்கு இராமநாதன் இசையமைத்தார், பி. யு. சின்னப்பா அதில் இரட்டை வேடம் ஏற்றிருந்தார். சிவாஜி கணேசன் நடித்து 1958 இல் இதே பெயரில் வெளிவந்த படத்திற்கும் இவரே இசையமைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1950 இல் மந்திரி குமாரி, பொன்முடி ஆகிய படங்கள் வெளிவந்தன. மந்திரி குமாரியில், கொள்ளைக்காரனான கணவன் தன் மனைவியைக் கொல்லும் எண்ணத்துடன் மலையுச்சிக்கு அழைத்துச் செல்லும் காட்சிக்குத் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியுள்ளனர். மெட்டில் அச்சத்தின் சாயலே இல்லை; காதலர் உலாப் பாடலாகவே ஒலிக்கிறது. காட்சியின் கொடுமை அதனாலேயே மிகுகிறது.

பாபநாசம் சிவனுடன்

தியாகராஜ பாகவதர் நடித்த சிவகவி (1943), அரிதாஸ் (1944) ஆகியவற்றில் பாபநாசம் சிவன் பாடல்களை இயற்ற, வாத்திய இசையை இராமநாதன் கவனித்தார். இப்படங்களின் புகழில் இவருக்குரிய பங்கு இன்றும் குறைத்தே பேசப்படுகிறது. பாடகரின் குரலை மறைக்காமல் பின்னணி இசையை அமைப்பது எளிய பணியன்று. அரிதாசில் புகழ்பெற்ற சாருகேசி இராகத்தைச் சாரங்கதரா (1958) படத்தில் டி. எம். சௌந்தரராஜன் குரலில் இவர் மீண்டும் கையாண்டார்.

பிற்காலம்

தூக்குத்தூக்கி (1954) படத்தில் சிவாஜி கணேசனுக்காகச் சௌந்தரராஜனை முதன்முதலாகப் பாடவைத்தவர் இவரே. அந்தக் குரலும் முகமும் பின்னர்ப் பிரிக்க இயலாதவை ஆயின. அம்பிகாபதி (1957), வீரபாண்டிய கட்டபொம்மன் (1959) ஆகியவற்றிற்கும் இவர் இசையமைத்தார். கப்பலோட்டிய தமிழன் (1961) படத்தில் பாரதியார் பாடல்களுக்கு இசை அமைத்தார்.

இவர் பணியாற்றிய அருணகிரிநாதர், மறைவுக்குப் பின் 1964 இல் வெளிவந்தது. அதில் டி. ஆர். பாப்பாவும் இசையமைத்திருந்தார்.